மலை ஏறுவது இருக்கட்டும், இறங்கப் பழகுங்கள்

கேள்வி: எனக்கு வயது 43. சில வருடங்களாக ஓடுகிறேன். மூன்று மாரத்தான் முடித்திருக்கிறேன். கடைசி மாரத்தான் 4 மணி 15 நிமிடம். எல்லாமே தார்ச்சாலை. இப்போது 50 கி.மீ. மலைப்பாதை அல்ட்ரா (மாரத்தானைவிட நீளமான ஓட்டப் போட்டி) ஒன்றுக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மொத்த ஏற்றம் 2,200 மீட்டர், இறக்கமும் அதே அளவு, கட்-ஆஃப், அதாவது முடிக்க வேண்டிய கெடு, 11 மணி நேரம். இன்னும் 14 வாரம் இருக்கிறது. இப்போது வாரத்துக்கு 55 கி.மீ. ஓடுகிறேன். நான் இருப்பது சமதளம்; மலைப்பாதைக்கு மாதம் இரண்டு முறைதான் போக முடியும். போன ஞாயிறு முதல் தடவையாகப் போய் 18 கி.மீ. ஓடினேன், 900 மீட்டர் ஏற்றம். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது. கிலோமீட்டருக்குப் பத்து நிமிடம்! ஏற்றத்தில் பாதியை நடந்துதான் கடந்தேன், வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு மூன்று நாள் மாடிப்படி இறங்க முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினேன். வாரத்துக்கு 100 கி.மீ. வரை கூட்ட வேண்டுமா? போட்டிக்கு முன் ஒருமுறையாவது முழு 50 கி.மீ. ஓடிப் பார்த்துவிட வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். கிளம்பும்போதே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டால் தொடை தாங்கும் என்கிறார் இன்னொருவர். என்ன செய்யட்டும்?

பதில்: கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற விஷயங்களில் தப்பு நடந்தால் நேரம்தான் போகும். இதில் சிறுநீரகம் போகலாம். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ போடாதீர்கள். உடலில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக் குழாய்களைத் திறந்து வைத்திருப்பவை ப்ராஸ்டாகிளாண்டின்கள் என்ற, உடலே சுரக்கும் வேதிப்பொருள்கள். இந்த மாத்திரைகள் வலியைக் குறைப்பதே அவற்றின் உற்பத்தியைத் தடுத்துத்தான். பல மணி நேர ஓட்டத்தில் தசை நார்கள் சிதைந்து, அவற்றிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து, அதை வடிகட்டும் வேலையும் அதே சிறுநீரகத்தின் தலையில்தான் விழுகிறது. அந்த நேரம் பார்த்து அதன் ரத்த ஓட்டத்தைக் குறைப்பதா? பாராசிட்டமால் இந்த வகையைச் சேர்ந்தது இல்லை. ஆனாலும் நிற்கச் சொல்கிற வலியை அதுவும் மறைத்துவிடும். ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நீங்கள் ஆச்சரியக்குறி போட்டிருப்பது பத்து நிமிடத்துக்கு. நானாக இருந்தால் மாடிப்படிக்குப் போட்டிருப்பேன்.

அந்தப் பத்து நிமிடத்தைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மலைப்பாதைப் போட்டிகளின் கடினத்தைக் கணக்கிடுகிறவர்கள் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்தையும் ஒரு கிலோமீட்டர் தூரமாகச் சேர்த்துக்கொள்வார்கள். (1892-இல் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நைஸ்மித் நடைக்குச் சொன்ன விதியும் இதற்கு அண்ணன் முறைதான், அதன்படி 100 மீட்டர் ஏற்றம் சுமார் 800 மீட்டர் தூரத்துக்குச் சமம்.) உங்கள் 18 கி.மீ.யோடு 900 மீட்டர் ஏற்றத்துக்கு 9 சேர்த்தால் 27. மூன்று மணி நேரத்தை 27-ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடி. மாரத்தானை நீங்கள் ஓடியது சுமார் 6 நிமிட வேகத்தில். முதல் முறை மலைக்குப் போனவருக்கு இது ஒன்றும் மெதுவான ஓட்டம் இல்லை. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் அவசரப்பட்டிருக்கிறீர்கள். போட்டிக்கும் இதே கணக்கைப் போடுங்கள். 50-உம் 22-உம் 72. களைப்புக்கும் எய்ட் ஸ்டேஷனில் (வழியில் தண்ணீரும் உணவும் தரும் இடம்) நிற்பதற்கும் சேர்த்து 8 நிமிடம் என்று வைத்தாலும் ஒன்பதரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே வருகிறது. கட்-ஆஃப் 11 மணி. நேரம் இருக்கிறது. உங்கள் வாட்சில் பேஸ் அலாரம் (வேகம் குறைந்தால் ஒலிப்பது) வைத்திருந்தால் மலைக்குப் போகும் நாளில் அதை அணைத்துவிடுங்கள்; அங்கே அது மனதைக் கெடுப்பதற்குத்தான் உதவும்.

மாடிப்படிதான் உங்கள் உண்மையான பிரச்சினை. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உங்களை மேலே தள்ளுகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது; ஒவ்வொரு அடியிலும் உடலின் வேகத்தை இழுத்துப் பிடிக்கும் வேலை. இப்படி நீளும்போது வேலை செய்யும் தசையில்தான் நுண்ணிய சேதம் அதிகம். ஆனால் அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. மூச்சு வாங்காது, இதயத் துடிப்பு ஏறாது, காற்று முகத்தில் அடிக்கும், சுகமாக இருக்கும். வலி வருவது ஓரிரு நாள் கழித்து. தசையின் பலமோ அன்றைக்கே, அங்கேயே குறைந்துவிடுகிறது. சாலையில் ஓடிப் பழகியவர்கள் மலையில் 35-ஆவது கிலோமீட்டரில் உட்காருவதற்கு மூச்சு போதாமை காரணமாக இருப்பது அபூர்வம். முதல் இரண்டு இறக்கங்களில் தொடையைச் செலவழித்துவிட்டு வந்திருப்பார்கள். ஏற்றத்தில் களைத்தால் நடந்து சமாளிக்கலாம். இறக்கத்தில் தொடை போய்விட்டால் நடப்பதும் அதே தசையின் வேலைதான், தப்பிக்க வழி கிடையாது.

இதற்கு மருந்து இறக்கமே. ஒருமுறை இறக்கத்தில் அடிபட்ட தசை ஆறிய பிறகு, அடுத்த முறை அதே அளவு இறக்கத்துக்கு முன்பைவிட மிகக் குறைவாகவே சேதப்படும். இந்தப் பாதுகாப்பு பல வாரங்கள் நிற்கும். அதாவது, போன ஞாயிறு நீங்கள் பட்ட பாடு வீண் இல்லை. முதல் டோஸ் உள்ளே போய்விட்டது. மாதம் இரண்டு முறைதான் மலை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். தொடையைப் பொறுத்தவரை இரண்டு வாரத்துக்கு ஒரு டோஸ் சரியான இடைவெளிதான்.

ஆகவே உங்கள் பயிற்சிக் குறிப்பேட்டில் இனி ஒரு புதிய கட்டம் வேண்டும்: இறங்கிய மீட்டர். அடுத்த முறை போகும்போது அதே 900 மீட்டர் இறக்கத்தையே மறுபடி செய்யுங்கள், கூட்டாதீர்கள். மறுநாள் படி இறங்கிப் பார்த்தால் வித்தியாசம் உங்களுக்கே தெரியும். அதற்கு அடுத்தது 1,100, பிறகு 1,300, பிறகு 1,500 என்று போகலாம். போட்டிக்கு மூன்று வாரம் முன்னால், அதாவது பதினோராவது வாரத்தில், ஒரு பெரிய நாள்: ஐந்தரை, ஆறு மணி நேரம், 1,600 முதல் 1,800 மீட்டர் இறக்கம். அதற்குப் பிறகு, போட்டிக்குப் பத்துப் பன்னிரண்டு நாள் முன்னால் சின்னதாக ஒரு இறக்கம் போதும். தூரத்தையும் இறக்கத்தையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம். ஒன்று ஏறினால் மற்றது அப்படியே நிற்கட்டும்.

மலைக்குப் போகாத வாரங்களில்? மாடிக் கட்டடம் இருக்கிறதே. ஒரு தளத்துக்குச் சுமார் மூன்று மீட்டர். பத்து மாடியை ஒருமுறை இறங்கினால் 30 மீட்டர், பத்து முறை இறங்கினால் 300. லிஃப்ட் இருந்தால் சில நாள் லிஃப்டில் ஏறிப் படியில் இறங்குங்கள். பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாக இருக்கும், ஆனால் உங்களுக்கு வேண்டியது இறக்கம்தான். ஒவ்வொரு படியாக, குறுகிய வேகமான அடிகளாக, கைப்பிடி எட்டும் தூரத்தில் இறங்குங்கள். இரண்டு இரண்டு படியாகத் தாவ வேண்டாம். டிரெட்மில் பெரும்பாலும் ஏற்றத்துக்கு மட்டுமே உதவும். 12 முதல் 15 சதவீதச் சாய்வில் அரை மணி நேரம் வேகமாக நடப்பது நல்ல பயிற்சி. கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால் பயன் இல்லை.

இதோடு வாரம் இரண்டு நாள் இருபது நிமிடம் தசைப் பயிற்சி. நிறைய சொல்லிக் குழப்ப மாட்டேன், ஒன்றை மட்டும் விவரமாகச் சொல்கிறேன். சுமார் 20 செ.மீ. உயரப் படியின் விளிம்பில் ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்ற காலின் குதிகால் தரையைத் தொடும் வரை, மனதுக்குள் நான்கு எண்ணியபடி மெதுவாக இறங்குங்கள். தொட்டதும் அதில் பாரத்தைப் போடாமல் மேலே வாருங்கள். நிற்கும் காலின் முட்டியைக் கண்ணாடியில் பாருங்கள்: அது இரண்டாவது கால்விரலின் நேரே நிற்க வேண்டும், உள்பக்கமாகச் சாயக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு ஆறாவது ஏழாவது தடவையில் சாயத் தொடங்கும். அங்கே நிறுத்திவிடுங்கள், எண்ணிக்கையை முடித்தே தீர வேண்டும் என்று இல்லை. பக்கத்துக்கு எட்டு முதல் பத்து வரை, மூன்று சுற்று. ஒரு மாதம் கழித்து, போட்டியில் சுமக்கப்போகும் பையை நிரப்பி மாட்டிக்கொண்டு செய்யுங்கள். இதனுடன் கெண்டைக்கால் தூக்கும் பயிற்சியை முட்டியை நீட்டியும் மடக்கியும் இரண்டு விதமாகச் செய்யுங்கள். பல் துலக்கும்போது ஒற்றைக் காலில் நிற்பதும் கணுக்காலுக்கு நல்லது. கூழாங்கல்லில் கால் புரளும் நொடியில் அந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

இறங்கும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் முறை போகிறவர்கள் எல்லோரும் செய்வது ஒன்றுதான்: பயத்தில் முதுகைப் பின்னுக்குச் சாய்த்து, காலை முன்னால் நீட்டி, குதிகாலைக் குத்திக் குத்தி இறங்குவது. நீட்டிய காலில் முழு பாரமும் ஒரே இடியாக முட்டிக்கும் தொடைக்கும் போகிறது. குதிகால் மட்டும் பட்டால் சரளையில் வழுக்கவும் செய்யும். அடியைக் குறுக்குங்கள். பாதம் உங்கள் இடுப்புக்குக் கீழே விழட்டும், முட்டி லேசாக மடங்கியே இருக்கட்டும். கைகளை விரித்து வைத்துக்கொள்வதில் அசிங்கம் ஒன்றும் இல்லை. பார்வை காலடியில் வேண்டாம், மூன்று நான்கு மீட்டர் முன்னால் இருக்கட்டும்; கண் முன்கூட்டியே பார்த்த கல்லைக் கால் தானாகவே ஒதுக்கிவிடும். ஈரமான வேரில், அதுவும் குறுக்கே சரிந்து கிடக்கும் வேரில், மிதிக்கவே மிதிக்காதீர்கள்.

அடுத்து 100 கி.மீ. கேள்வி. வேண்டாம். 55-லிருந்து மெல்ல 65, 70 வரை போனால் போதும், அதுவும் சமதள வாரங்களில். மலைக்குப் போகும் வாரத்தில் கிலோமீட்டர் தானாகக் குறையும், குறையட்டும். ஆறு மணி நேரம் காலில் நின்ற நாள் குறிப்பேட்டில் 30 கி.மீ. என்றுதான் பதிவாகும். அதைப் பார்த்துப் பதறி மறுநாள் கூட்டி ஓடுகிறவர்கள்தான் காயத்தோடு என்னிடம் வருகிறார்கள். மலைக்குப் போகாத வார இறுதிகளில் சனிக்கிழமை இரண்டரை மூன்று மணி நேர லாங் ரன், ஞாயிற்றுக்கிழமை அதே களைத்த காலோடு ஒன்று அல்லது ஒன்றரை மணி நேர ஈஸி ரன். வாரநாட்களில் ஒரு நாள் படி அல்லது சாய்வுப் பயிற்சி, மற்றவை பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில். மூன்று வாரம் கூட்டினால் நான்காவது வாரம் குறையுங்கள். இரண்டு தொடையிலும் சமமாக, தசையின் நடுவில் இருக்கும் வலி பயிற்சியின் வலி. ஓரிரு நாளில் போய்விடும். ஒரே காலில், எலும்பின் மேல் ஒரு விரலால் தொட்டுக்காட்டக்கூடிய இடத்தில் வலித்தால் அது வேறு. ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.

முழு 50 கி.மீ.யை முன்கூட்டி ஓடிப் பார்க்கச் சொன்ன நண்பர், தன்னம்பிக்கை வரும் என்று நினைத்துச் சொல்லியிருப்பார். அந்த ஓட்டத்திலிருந்து உடல் தேற இரண்டு மூன்று வாரம் போய்விடும். அதற்குள் மூன்று நல்ல வாரப் பயிற்சி கையை விட்டுப் போயிருக்கும். பதினோராவது வாரத்து ஆறு மணி நேரத்தில் உங்களுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிடும்.

ஏற்றத்தில் நடந்ததற்கு வெட்கப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். சுமார் 15 டிகிரிக்கு மேற்பட்ட செங்குத்தில், ஒரே வேகத்தில் போனால் ஓடுவதைவிட நடப்பதற்குத்தான் குறைந்த சக்தி செலவாகிறது என்று டிரெட்மில் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மோன் பிளாங் மலையைச் சுற்றி நடக்கும் யூடிஎம்பி என்ற அல்ட்ரா போட்டி சுமார் 170 கி.மீ. தூரமும் 10,000 மீட்டர் ஏற்றமும் கொண்டது. அதில் ஜெயிக்கிறவர்களே செங்குத்தான இடங்களில் நடக்கிறார்கள். ஒரு முழு வாக்கியத்தை மூச்சு விடாமல் சொல்ல முடியவில்லையென்றால் நடக்கத் தொடங்குங்கள். ஆனால் உலாவுகிற நடை கூடாது. இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்து, கைகளைத் தொடையில் ஊன்றித் தள்ளிக்கொண்டு, வேகமாக நடக்க வேண்டும். அதையும் பயிற்சியில் பழக வேண்டும். போட்டி விதி அனுமதித்தால் போல்ஸ் (மடக்கக்கூடிய ஊன்றுகோல்கள்) வைத்துக்கொள்ளலாம். ஆனால் அவற்றை மடக்கிப் பையில் செருகுவது வரை பழகாமல் போட்டிக்கு எடுத்துப் போனால் சுமைதான்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சேர்க்கிறேன்: வயிறு. அல்ட்ராவில் பாதியில் நிற்பவர்கள் சொல்லும் முன்னணிக் காரணங்களில் குமட்டலும் வாந்தியும் உண்டு. நாலே கால் மணி நேர மாரத்தானை இரண்டு மூன்று ஜெல்லோடு (ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலம்) ஒப்பேற்றிவிடலாம், ஒன்பதரை மணி நேரத்தை முடியாது. மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து இலக்கு. குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் குடலில் வெவ்வேறு வாசல் வழியாக உறிஞ்சப்படுவதால், இரண்டும் கலந்ததாக இருந்தால் பழகியவர்கள் மணிக்கு 90 கிராம் வரை ஏற்றுக்கொள்கிறார்கள். உங்களுக்கு முதல் அல்ட்ராவில் அது தேவையில்லை. ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம், சாதாரண ஜெல் ஒன்று 20 முதல் 25 கிராம். எடுத்த எடுப்பில் 60-க்குப் போக வேண்டாம். லாங் ரன்னில் மணிக்கு 40 கிராமில் தொடங்கி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூட்டுங்கள். குடலும் பழகும். பசிக்கும் வரை காத்திருக்காமல் அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாக, இறக்கத்தில் குலுங்கும் முன், ஏற்றத்தில் நடக்கும்போது சாப்பிடுங்கள்.

தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள், அட்டவணை போட்டுக் குடிக்காதீர்கள். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒன்றிரண்டு கிலோ குறைந்திருப்பது இயல்பு. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்; ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போவது உயிருக்கே ஆபத்தாகலாம். தலைவலி, வாந்தி, விரல் வீக்கம், பேச்சில் குழப்பம் எல்லாம் சேர்ந்து வந்தால் இன்னும் தண்ணீர் ஊற்றுவது தீங்கு. உப்பு மாத்திரை போட்டிருக்கிறேன் என்ற தைரியத்தில் அதிகமாகக் குடிப்பதும் காப்பாற்றாது.

ஷூ விஷயத்தில் அதிகம் யோசிக்க வேண்டாம்: அடியில் பிடிப்புப் பல் உள்ளது, வழக்கத்தைவிட அரை சைஸ் பெரியது, போட்டிக்கு முன் இரண்டு மூன்று நீண்ட ஓட்டமாவது பார்த்தது. கணுக்கால் பக்கத்தில் இருக்கும் கடைசித் துளையிலும் லேஸைக் கோத்து வளையம் போட்டு இறுக்கினால், இறக்கத்தில் பாதம் முன்னே சறுக்கி நகம் கறுப்பது பெரிதும் குறையும். இருட்டில் தொடங்கும் போட்டியாக இருந்தால் ஹெட்லேம்ப்போடு ஒரு இரவாவது கரடுமுரடான பாதையில் ஓடிப் பாருங்கள்.

கடைசி இரண்டு வாரம் மொத்த ஓட்டத்தைப் பாதியாகக் குறையுங்கள். ஓடும் நாட்களையும் வேகத்தையும் அப்படியே வைத்துக்கொண்டு நேரத்தை மட்டும் வெட்டினால் போதும். அந்த நாட்களில் கால் கனக்கிற மாதிரியும், எங்கெங்கோ வலிக்கிற மாதிரியும் இருக்கும். பயந்துபோய் ஒரு பரிசோதனை ஓட்டம் ஓடிவிடாதீர்கள்.

போட்டியன்று முதல் பெரிய இறக்கத்தில் நிறையப் பேர் உங்களைத் தாண்டிப் போவார்கள், விட்டுவிடுங்கள். உங்களிடம் கிட்டத்தட்ட ஒன்றரை மணி நேரம் கையிருப்பு இருக்கிறது. அதைச் செலவு செய்ய வேண்டிய இடம் அதுதான். ஒன்று மட்டும் சரிபாருங்கள். 11 மணி நேரம் என்பது முடிவுக்கோட்டுக்கான கட்-ஆஃப். நடுவில் உள்ள எய்ட் ஸ்டேஷன்களுக்கும் தனித்தனியாக வைத்திருப்பார்கள், முதல் பாதியில் ஏற்றம் அதிகமாக இருந்தால் அவை நெருக்கலாம். போட்டி வழிகாட்டியில் அந்த நேரங்களைப் பார்த்து, ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தூரத்தோடு ஏற்றத்தைச் சேர்த்து 8 நிமிடக் கணக்கைப் போடுங்கள். எங்காவது இருபது நிமிடத்துக்கும் குறைவான இடைவெளி வந்தால் எனக்கு எழுதுங்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஏற்ற நடையை இன்னும் கூட்டிப் பயிற்சியைத் திருத்தித் தருகிறேன்.